டிஜிலாக்கரைக் காட்டி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

தாமிரபரணிக்காரன்:
போன வாரம் ஊருக்கு இரவு ரயில். தாம்பரம் தாண்டியதும் டிடிஇ வந்தார். வழக்கம்போல, ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து ஆதாரைக் காட்டினேன். மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது நீங்களே ஏத்துனது தம்பி, செல்லாது" என்றார். அட்டையைப் போட்டோ எடுத்து எப்போதோ 'அப்லோடட்' பகுதியில் போட்டிருக்கிறேன். துறைகளே நேரடியாகத் தருவது வந்து சேரும் 'இஷ்யூட்' பக்கம் காலி. ரயில்வே இதை 2018-லேயே சொல்லிவிட்டது: இஷ்யூட் பகுதியில் இருக்கும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும்தான் கணக்கு. இத்தனை வருடம் நான் நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது வெறும் போட்டோ. எதிர் பெர்த் பாட்டி, ரப்பர் பேண்டு போட்ட அட்டைக்கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுதான் இன்னும் மறக்கவில்லை. அங்கேயே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் செங்கல்பட்டு தாண்டியும் ஓடிபி வரவில்லை.

பல்சர்220:
அப்பா பெயரில் இருக்கும் வண்டி. சோதனையில் ஆர்சி, அதாவது வண்டிப் பதிவுச் சான்று, கேட்டார்கள். ஆர்சி உரிமையாளர் பெயரோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் என் லாக்கரில் வராது. சரி, அப்பா கணக்கில் நுழையலாம் என்று அவருக்கு போன் போட்டேன். "அப்பா, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." "ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காங்க." "அப்பா, நான்தான்." "குரலை மாத்திப் பேசி ஏமாத்துறாங்களாம்." காவலர் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்துவிட்டு, "அப்பா சரியாத்தான் இருக்காரு, நீ கிளம்பு" என்றார். அபராதம் இல்லை. ஆனால் அப்பா இன்றுவரை அது நான்தானா என்று முழுதாக நம்பவில்லை.

வைகைக்கரை:
நீங்களாவது இஷ்யூட் பக்கம் போகலாம். ஆதாரில் என் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, உரிமத்தில் வெறும் இனிஷியல். உரிம எண்ணைப் போட்டால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அந்த சர்வருக்குத் தெரியவில்லை. சேவை மையத்தில் இருந்த பையன் ஆதாரைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவதா இருக்கிறது உங்க வீட்டுக்காரர் பேரா மேடம், அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றான். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கோடுவேலை:
முதல் பதிவருக்கு: டிடிஇ மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை, தப்பு உங்களுடையது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. டிஜிலாக்கர் 2015-ல் வந்தது. நாமே ஏற்றுவது நம் பீரோவில் வைத்த ஜெராக்ஸ் மாதிரி. இஷ்யூட் என்பது வேறு. கொடுத்த துறையின் பதிவேட்டுக்கு ஒரு சுட்டிதான் நம் கணக்கில் இருக்கும், திறக்கும்போது அங்கிருந்து வருகிறது. டிஜிட்டல் லாக்கருக்கான 2016 அரசு விதிகளில் 2017 பிப்ரவரியில் 9ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். இப்படி வருவது அசலுக்குச் சமம் என்பது அதில்தான் இருக்கிறது. ஆதார் கியூஆர் இன்னும் அழகு. அதற்குள்ளேயே பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கின்றன. ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. ஸ்கேன் செய்கிறவருக்கு இணையம்கூட வேண்டாம். ஆகவே அட்டையைக் கண்ணால் பார்த்துத் தலையாட்டுவது சோதனையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 சட்டப்படி ஒவ்வொரு உறுப்பு நாடும் 2026 முடிவுக்குள் குடிமக்களுக்கு, போனிலேயே வைத்துக்கொள்ளும் அடையாள வாலட் தர வேண்டும். அதில் பிறந்த தேதியைக் காட்டாமலே 18 வயது தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டலாம். விமான நிலையத்தில் முகத்தைக் காட்டி நுழையும் நம் டிஜியாத்ராவிலும் விவரங்கள் நம் போனில்தான் இருக்கும், பயணத்துக்கு முன்னால் விமான நிலையத்துக்குப் போகும். ஆகவே எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது: இஷ்யூட் பகுதியில் எடுத்து வையுங்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை மட்டும் கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் பழக்கத்தை விடுங்கள்.
என் அனுபவமா? ஓர் அலுவலக வாசலில் கியூஆரைக் காட்டினேன். காவலாளி நோட்டில் பெயர் எழுதச் சொன்னார். அவ்வளவுதான்.

மலைப்பாதை:
கோடுவேலை அண்ணா சொல்வதெல்லாம் சரி. ஸ்கேன் செய்ய எதிரில் ஆள் வேண்டுமே? உங்கள் காவலாளி கதையே அதைத்தானே சொல்கிறது. மே மாதம் ஒரு மலையூர் விடுதியில் நான்கு பேர் தங்கினோம். முதல் எட்டு எண் மறைத்த ஆதாரைக் காட்டினேன். "முழு நம்பர் தெரியணும் சார், வாட்ஸ்அப்புல போட்டோ போட்டுடுங்க." வரவேற்பில் இருந்த தம்பி நல்லவன்தான், முதலாளி சொன்னதைச் செய்கிறான். வந்துவிட்டதா என்று பார்க்க கேலரியைத் திறந்து, என் எதிரிலேயே விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஆதார், ஆதார், ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக், மறுபடி ஆதார். யார் யாரோ. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணின் வாக்காளர் அட்டை. வீட்டு முகவரியோடு. என்னால் மூச்சுகூட விட முடியவில்லை. அனுப்பினீர்களா என்று கேட்காதீர்கள். இரவு ஒன்பதரை, மழை, கூட வந்த குழந்தைக்குக் காய்ச்சல். அனுப்பினேன்.

சிராங்கூன்வாசி:
இங்கே சிங்கப்பூரில் 2021 நவம்பரிலிருந்து அரசு அலுவலகங்களில் சிங்பாஸ் என்ற அரசுச் செயலியில் இருக்கும் டிஜிட்டல் ஐசியையே, அதாவது அடையாள அட்டையையே, காட்டலாம். அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. போனைச் சாய்த்தால் திரையில் சிங்கச் சின்னம் மின்னும், அது ஸ்கிரீன்ஷாட்டில் வராது. ஒருநாள் கவுண்டரில் நின்று பெருமையாகச் சாய்த்தேன். சிங்கம் மின்னியது, அப்புறம் திரையே அணைந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. கவுண்டர் அம்மா அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்.

கோடுவேலை:
மலைப்பாதை, அனுப்பியிருக்கக் கூடாது. அந்தப் படத்தில் விடுதி பெயரையும் தேதியையும் குறுக்கே எழுதியாவது அனுப்பியிருக்கலாம்.

மலைப்பாதை:
அடுத்த முறை மழையில் நின்றுகொண்டு எழுதுகிறேன் அண்ணா.

வைகைக்கரை:
9ஏ, கியூஆர், ஐரோப்பா எல்லாம் படித்துவிட்டேன். என் உரிமம் இன்னும் வரவில்லை. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், ஒன்றை ஏற்கெனவே எழுத்துப்பிழைக்குச் செலவழித்துவிட்டேன். அப்பா பெயரை எடுக்க மனமும் இல்லை. உரிமத்தில் இனிஷியலை முழுப் பெயராக மாற்றி, அப்புறம் லாக்கரில் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.