கொள்ளைநோய் பரவும் காலத்தில் தொழில்முறைப் போட்டிகள் நடக்கலாமா? முடிவெடுக்க வேண்டியவர் யார்?

வெள்ளைக்கோடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 2020 மே 16 அன்று ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்துப் போட்டிகள் ஆளில்லாத அரங்குகளில் மீண்டும் தொடங்கியபோது, எந்த அணிக்கும் ஆதரவாளன் அல்லாத நானும் தொண்ணூறு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். பந்தை உதைக்கும் ஓசையும் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலும் காலி இருக்கைகளில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. பல வாரங்களாக அடைந்து கிடந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உறவினர் ஒருவரின் இறுதிச் சடங்குக்குக் கூடப் போக முடியாமல் தவித்ததும் அதே வாரத்தில்தான். இருபத்திரண்டு பேர் முட்டி மோதி விளையாடுவதற்குக் கிடைத்த அனுமதி எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கசப்பு இன்னும் தீரவில்லை.

நடத்துவது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்க நான் வரவில்லை. அடுத்த தொற்று வரும்போது, அதைப் பற்றி எதுவும் தெளிவாகத் தெரியாத முதல் சில வாரங்களில், எதை வைத்து, யார் முடிவெடுக்க வேண்டும்? ஒளிபரப்பு உரிமைக்கான பணத்தை முன்பே வாங்கிவிட்ட நிர்வாகத்திடம் அந்த முடிவை விடலாமா?

பழைய ஏடு:

விடக் கூடாது என்பதே என் பதில். விளையாட்டு நிர்வாகங்கள் தாமாக யோசித்து நிறுத்தியதைவிட, வேறு வழியில்லாமல் நிறுத்தியதே அதிகம். 1919ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் நடந்த ஸ்டான்லி கோப்பை பனி ஹாக்கி இறுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆட்டங்கள் நடந்து, ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிய, இரு அணிகளும் இரண்டிரண்டு வெற்றிகளுடன் சமநிலையில் இருந்தன. முந்தைய ஆண்டின் கடுமையான இன்ஃபுளூயன்சா அலை தணிந்துவிட்டது என்ற நம்பிக்கையில்தான் தொடரே நடந்தது. ஆனால் ஆறாவது ஆட்டத்துக்கு முன்பு மாண்ட்ரியல் அணியில் களமிறங்கப் போதிய ஆட்கள் இல்லாத அளவுக்கு வீரர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது, அந்த ஆண்டு கோப்பை எவருக்கும் இல்லை. ஜோ ஹால் என்ற வீரர் ஏப்ரல் 5 அன்று அந்த நகரிலேயே இறந்துபோனார். எதிரணி, ஆடாமல் கிடைக்கும் கோப்பை வேண்டாம் என்று மறுத்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இதில் பெரிய மாற்றம் இல்லை. 2020 மார்ச் 11 அன்று அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ தன் பருவத்தை நிறுத்தியதற்கு உடனடிக் காரணம், ஒரு வீரருக்குத் தொற்று உறுதியானதுதான்.

இருப்பினும், அறியாமல் செய்ததையும் அறிந்தே செய்ததையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. 2020 பிப்ரவரி 19 அன்று மிலான் நகரில் அட்டலாண்டா, வலென்சியா அணிகள் மோதிய கால்பந்து ஆட்டத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அட்டலாண்டாவின் சொந்த ஊரான பெர்காமோ பகுதியில் நோய் பரவியதற்கு அந்த இரவும் ஒரு காரணம் என்று பிற்பாடு பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் இத்தாலியில் உள்ளூர்ப் பரவல் வெளிச்சத்துக்கு வந்ததே அதற்கு அடுத்த நாட்களில்தான். மார்ச் 11 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த ஆட்டமோ வேறு கதை. மாட்ரிட் நகரில் பள்ளிகள் மூடப்பட்டு, ஸ்பெயினின் லீக் ஆட்டங்களில் பார்வையாளர்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த அதே வாரத்தில், அட்லெட்டிகோ மாட்ரிட் அணியின் ரசிகர்கள் ஏறத்தாழ 3,000 பேர் இங்கிலாந்துக்குப் பறந்து சென்று, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தோடு கலந்து உட்கார்ந்தார்கள். சொந்த அரங்குக்குள் நுழைய முடியாத ஒருவர் அயல்நாட்டு அரங்குக்குள் நுழைய முடிந்ததை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நடுவர்:

பழைய ஏடு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அவர் காட்டும் உதாரணங்கள் யாவும், முன்னேற்பாடு ஏதுமின்றி நடந்தவை. திட்டமிட்டு நடத்தியதையும் பார்க்க வேண்டும்.

அதே என்பிஏ, 2020 ஜூலையில் 22 அணிகளை ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே டிஸ்னி வளாகத்துக்குள் கொண்டுவந்து, வெளித் தொடர்பைத் துண்டித்து, வீரர்களைத் தினமும் பரிசோதித்து, அக்டோபர் 11 அன்று பருவத்தை முடித்தது. தொடக்கத் தனிமைப்படுத்தலைக் கடந்து உள்ளே வந்த வீரர்களில் ஒருவருக்குக் கூட அங்கே தொற்று ஏற்படவில்லை. பயோ பபுள் என்று நாம் சொல்லும் அந்த வளையத்துக்குச் செலவு பதினைந்து கோடி டாலருக்கு மேல் என்பதால், எல்லா லீக்கும் இதைச் செய்துவிட முடியாது என்பதும் உண்மை. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய எளிய உமிழ்நீர்ப் பரிசோதனை முறைக்கு அந்த லீக்கும் வீரர் சங்கமும் நிதியளித்தன. வீரர்களிடம் சோதித்துப் பார்த்த அம்முறைக்கு ஆகஸ்டில் அமெரிக்க அரசின் அவசர அனுமதி கிடைத்தது. விளையாட்டு பொதுச் சுகாதாரத்திலிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே செய்தது என்று சொல்வோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வளையம் எங்கே உடைகிறது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். ஐபிஎல் 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் மூன்று மைதானங்களுக்குள், பேருந்துப் பயணத்திலேயே முடிந்தது. 2021இல் இந்தியாவின் பல நகரங்களுக்கு அணிகள் விமானத்தில் போய் வந்தபோது, வெவ்வேறு அணிகளில் தொற்று தென்பட்டு, மே 4 அன்று தொடரை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று; மீதி ஆட்டங்கள் செப்டம்பரில் மறுபடியும் அமீரகத்தில்தான் நடந்தன. வெளியே நோயின் வீச்சு இரண்டு முறையும் ஒன்றல்ல என்பது சரி. ஆனாலும் பயணத்தைக் குறைக்காத வளையம் பெயரளவில்தான் வளையம் என்பது என் எண்ணம்.

நோயரும்பு காலம்:

இருவருமே ஒரு நோயை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். தட்டம்மைக் கிருமி, நோயாளி போன பின்பும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கும். உள்ளரங்க விளையாட்டுக்கு அது பேராபத்து, தடுப்பூசி போட்டவர்களுக்கோ அச்சம் மிகக் குறைவு. எபோலா அப்படிப் பரவுவதில்லை. அறிகுறி தோன்றிய நோயாளியின் உடல் திரவங்களைத் தொட வேண்டும். 2015 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை நடத்தவிருந்த மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியதால் தள்ளிவைக்கக் கேட்டது. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு மறுத்து, தொடரை எக்குவடோரியல் கினிக்கு மாற்றி நடத்தியது. அங்கே எபோலா பரவவில்லை. மொராக்கோவின் அச்சத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த நோயின் போக்கைப் பார்த்தால் நடத்தியது தவறும் அல்ல. ஆகவே, அறிகுறி இல்லாதவரிடமிருந்து நோய் பரவுமா என்பதற்கு விடை தெரியும்வரை நிறுத்திவைப்பதும், தெரிந்த பின் அதற்கேற்ப நடப்பதுமே சரி. அதைச் சொல்ல வேண்டியவர்கள் தொற்றுநோயியல் அறிந்தவர்கள். லீக் மருத்துவர்கள் அல்ல, ஏனெனில் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது லீக்.

வாயில் எண் ஏழு:

தாங்கள் எல்லோரும் வீரர்களையும் ரசிகர்களையும் பற்றியே எழுதுகிறீர்கள். நான் ஓர் அரங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக வாயில் காவலில் இருந்தவன். அரங்கின் பெயர் வேண்டாம்.

ஒரு ஆட்டம் நடக்க வேண்டுமென்றால், பார்வையாளர்களே இல்லாவிட்டாலும், புல்தரை பராமரிப்பவர், உடைமாற்றும் அறையைக் கழுவுபவர், துணி வெளுப்பவர், ஓட்டுநர், கேமராக் கம்பி இழுப்பவர், காவலர் என்று பெருங்கூட்டம் உள்ளே இருக்கும். 2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில் நோரோவைரஸ் பரவியபோது முதலில் விழுந்தவர்கள் பாதுகாப்புப் பணியாளர்கள்தான். ஏறத்தாழ 1,200 பேரைப் பணியிலிருந்து விலக்கி, அவர்கள் இடத்தில் 900 ராணுவத்தினரை நிறுத்தி, விழாவைத் திட்டமிட்டபடி தொடங்கினார்கள். நோய் வந்த வீரர்கள் அத்தனை பேர் என்றிருந்தால் விழா தொடங்கியிருக்குமா?

ஆனால் நிறுத்தச் சொல்லியும் என்னால் எழுத முடியவில்லை. ஆட்டம் நின்ற மாதங்களில் வீரர்களின் சம்பளத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. எங்களுக்கு முழுவதும் நின்றுபோனது.

வெள்ளைக்கோடு:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நோயரும்பு காலம் சொன்ன அளவுகோல் எனக்குத் தேவைப்பட்ட ஒன்று. அதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அரங்கை மூடிவிட்டால் கூட்டம் இல்லாமல் போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன். 2020 ஜூனில் லிவர்பூல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் பெற்ற இரவில், ஆட்டமே நடக்காத அவர்களது பூட்டிய அரங்கின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மறு ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின்போது, ஆட்டங்களோடு தொடர்புடைய கூடல்களுக்குச் சென்ற 1,991 பேருக்குத் தொற்று இருந்ததாக ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் பயணம் செய்தவர்கள்; அங்கே ஆட்டம் நடந்த வெம்பிளி அரங்குக்குள் இருந்தவர்களோ சுமார் நானூறு பேர்தான். நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போடுவதில் நாம் காட்டிய அக்கறையில் பாதியை ரயில்களிலும் மதுக்கூடங்களிலும் காட்டவில்லை என்றே தோன்றுகிறது.

வாயில் எண் ஏழு அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, வேலைக்கு வர விருப்பமா என்று உங்களிடம் எவரேனும் கேட்டார்களா? என்பிஏ வீரர்களுக்கு, ஊதியத்தை இழந்தாலும் தண்டனை இல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை இருந்தது என்பதால் கேட்கிறேன்.

வாயில் எண் ஏழு:

கேட்கவில்லை ஐயா. முதல் நாள் இரவு, மறுநாள் பணிக்கு வர வேண்டிய நேரம் மட்டும் குறுஞ்செய்தியில் வந்தது. வீரர்களுக்கு உள்ளே தனி அறையில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை நடந்தது. எங்களுக்கு நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டி அனுப்பினார்கள். அந்த வெப்பமானியைப் பிடித்து நின்றவரும் எங்களைப் போல் ஒப்பந்தத்தில் இருந்தவர்தான். அவருக்கு வெப்பம் பார்க்க ஆள் இல்லை.