கணினிப் பட்டா வந்தபின் ஊரில் அதிகாரம் யார் கையில்?

காங்கேயம் தோட்டத்துக்காரன்:
1980-ல எம்.ஜி.ஆர் ஊர்க் கணக்குப் பாத்த கர்ணம், ஊர்த் தலைவரான மணியம் பதவிகள ஒழிச்சாரு, கிராம நிர்வாக அலுவலர்னு வி.ஏ.ஓ. வந்தாங்க. ஆனா நெலக் கணக்கு நோட்டு அப்பறமும் ஒருத்தர் பீரோவுலதான் இருந்துச்சு. எந்தக் காடு யார் பேர்லன்னு தெரிஞ்சுக்கவே எங்கப்பன் கைகட்டி நின்னாருங்க. இன்னைக்குச் சிட்டா, அ-பதிவேடுங்கற நெலப் பதிவுக, வில்லங்கம் எல்லாம் போன்லயே பாக்கறோம். விக்கிறவர் பேர்ல பட்டா இருந்து, நெலத்தத் துண்டு பிரிக்கற உட்பிரிவும் இல்லைன்னா, கிரயம் பதிஞ்சதும் பட்டா தானா மாறிடுது. ஊர்ப் பெரிய கைகளோட பிடி விட்டுப்போச்சுங்க.

கோபி வக்கீல்:
அண்ணா, பாக்கறது வேற, மாத்தறது வேறங்க. 1979-லிருந்து 1987 வரைக்கும் நடந்த யு.டி.ஆர்.ங்கற நெலப் பதிவேட்டுப் புதுப்பிப்புல பேர் விட்டுப்போனது, விஸ்தீரணம் குறைஞ்சது எல்லாம் அப்படியே கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு. நோட்டுல தப்புன்னா எழுதுனவர் யாருன்னு ஊருக்கே தெரியும், வீட்டு வாசல்ல போய்க் கேக்கலாம். இப்பக் கேட்டா "என் லாகின்ல அந்த வசதி இல்லை"ங்கறாங்க. மேல கேட்டா "சென்னைலதான் மாத்தோணும்"ங்கறாங்க. பிடி விட்டுப்போகல, கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போயிருச்சு.

பல்லடம் இ-சேவை:
நான் மையத்துல மனு பதியறவளுங்க. நீங்க ரெண்டு பேரும் நெலம் வச்சிருக்கறவங்க பக்கத்தையே பேசறீங்க. முதியோர் உதவித்தொகைக்கு வர்ற ஆத்தாக்களப் பாருங்க. ஓ.டி.பி. மகன் போனுக்குத்தான் போகும். மகனோட பேச்சுவார்த்தை இல்லாத ஆத்தா மனுவே போட முடியாமத் திரும்பிப் போகுது. அந்தக் காலத்துல தாசில்தார் முன்னால நின்னு அழுதாவது வாங்கியிருக்கும். வீட்டுக்குள்ள யார் கை ஓங்குதுன்னு யாராவது யோசிச்சீங்களா?

காங்கேயம் தோட்டத்துக்காரன்:
அம்மிணி சொல்றது நெசந்தான், அதுக்கு வேற வழி வைக்கோணும். ஆனா வக்கீல் தம்பி, பழைய நாள்ல மனுவே காணாமப் போயிரும். "நீங்க குடுக்கவே இல்லியே"ம்பாங்க. இப்ப மனு நம்பர் இருக்கு, முதல்வர் உதவி எண் 1100-க்குக் கூப்பிட்டுக் கேக்கலாம். எங்கள மாதிரி ஆளுக்கு அந்த நம்பர்தாங்க தைரியம்.

கோபி வக்கீல்:
நம்பர் வச்சு நிலை பாக்கலாம், வாதாட முடியாதுங்க அண்ணா. "ஆவணம் போதாது, நிராகரிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி வருது. எந்த ஆவணம்? 1983-ம் வருசப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்துல வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.கிட்ட மேல்முறையீடு உண்டு. காரணமே சொல்லாத உத்தரவ எதிர்த்து என்னன்னு எழுதறது? என் பட்டாவ எந்தத் தேதில, எந்தப் பதவில இருக்கறவர், எதை வச்சு மாத்துனாருன்னு முழு வரலாறும் எனக்குத் தெரியோணும். அதைத் திறக்காத வரைக்கும் அதிகாரம் நம்ம கைக்கு வந்துச்சுன்னு ஒத்துக்க மாட்டேன்.

காங்கேயம் தோட்டத்துக்காரன்:
அந்த வரலாறத் திறக்கோணும்னு மனு எழுதுங்க, மொதக் கையெழுத்து என்னுது. நோட்டுக்குத் திரும்பலாம்னா மட்டும் நான் வரமாட்டேன்.

பல்லடம் இ-சேவை:
மனுல இன்னொரு வரியும் சேருங்க வக்கீலண்ணா: போன் இல்லாதவங்களுக்குக் கைரேகை போதும்னு.