ஜமக்காளத் தறியில் ஓவியத்தை டேப்பஸ்ட்ரியாக நெய்வது: படம், நிறம், கூலி

கேள்வி

வணக்கம். 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் ஓர் அக்ரிலிக் ஓவியம். ஏழு பனைகள் செங்குத்தாக நிற்கின்றன. பின்னால் அந்தி வானம், கீழே ஆரஞ்சில் தொடங்கி மேலே ஊதாவில் முடிகிறது. பவானியில் ஜமக்காளம் நெய்பவர் ஒருவர் இதை டேப்பஸ்ட்ரியாக, அதாவது சுவரில் தொங்கவிடும் படத்துணியாக, நெய்துதரச் சம்மதித்திருக்கிறார். குழித்தறி, அச்சு (பாவு நூலைக் கோக்கும் சீப்பு) அகலம் 54 அங்குலம், பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) பருத்தி. படத்தைத் தறிக்கேற்ப எப்படி மாற்றுவது? வானத்தின் நிறமாற்றத்தை எப்படிக் கொண்டுவருவது? வழக்கம்போல் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசலாமா?

பதில் 1

முதலில் பனைகள். டேப்பஸ்ட்ரியில் ஒவ்வொரு நிறத்தின் ஊடையும் தன் எல்லைவரை போய்த் திரும்பிவிடும். பாவுக்கு இணையாக ஒரு நிறம் நேராக ஏறினால் அந்த எல்லை முழுவதும் பிளவு விழும். 6 அடி உயரப் பனைக்கு இரு பக்கமும் பிளவு என்றால் துணி கீற்றுக் கீற்றாகத்தான் நிற்கும். காஞ்சிபுரத்துக் கோர்வை மாதிரி வரிக்கு வரி இரு நிறங்களையும் கோத்து நெய்யலாம். ஆனால் பருமனான நூலில் அந்தக் கோடு நெடுகத் தடித்துப்போகும், வேலையும் மிக மெதுவாகும்.

அதனால் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி நெய்யச் சொல்லுங்கள். ஐரோப்பிய டேப்பஸ்ட்ரிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நெய்யப்பட்டவை. திருப்பிப் போட்டால் பனைத்தண்டு ஜமக்காளப் பட்டையாகிவிடுகிறது, உங்கள் நெசவாளரின் கை நன்கு அறிந்த வேலை அது.

திருப்பினால் 72 அங்குல அகலம் வேண்டும், அச்சோ 54. ஆகவே படத்தை 51 × 34 அங்குலமாகக் குறையுங்கள். அச்சில் 52 அங்குலத்துக்குப் பாவு கோத்தால், சுருக்கம் போக 51 நிற்கும். அங்குலத்துக்கு 10 இழை வைத்தால் 520 இழை. நான்கு இழைக்குக் குறைவான அகலத்தில் எந்த உருவமும் தெளிவாக வராது, அதாவது ஏறக்குறைய 1 செ.மீ. ஓலை நுனிகளை அதற்கேற்பத் திருத்தி வரையுங்கள்.

நெய்யும் அளவிலேயே போட்ட வரைபடத்தைப் பாவுக்கு அடியில் வைத்து, நூல் முனைகளை மேல்பக்கம் விட்டு நெய்தால் அவர் பார்ப்பது பின்பக்கம். முன்பக்கம் இடவலம் மாறி வரும். எனவே வரைபடத்தையே கண்ணாடி பிம்பமாகப் போட்டுக் கொடுங்கள். கையெழுத்து இடவலம் மாறிப் போவது இங்கேதான்.

ஊடையை நேராக இழுத்து அடித்தால் துணி இடுப்புபோல் நடுவில் ஒடுங்கும். வில்போல் சற்று வளைத்துவிட்டு அடிக்க வேண்டும். ஒரே நிறம் நீளமாக ஓடும் பட்டைகளில் சுருக்கம் அதிகம், பல நிறங்கள் மாறும் இடத்தில் குறைவு. 2 அங்குலத்துக்கு ஒருமுறை அகலத்தை அளந்துகொண்டே போகட்டும்.

பதில் 2

திருப்புவது சரி, ஆனால் வானம் சிக்கலாகும். நேராக நெய்திருந்தால் வரிக்கு வரி நிறத்தை மாற்றினாலே போதும். திருப்பினால் ஆரஞ்சும் ஊதாவும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கமாக வரும். அதற்குப் பல் கோத்ததுபோல் இரு நிறங்களையும் ஒன்றுக்குள் ஒன்று நீட்டி நெய்ய வேண்டும். ஒரு பல் 3 செ.மீ., அடுத்தது 6, அடுத்தது 4. எல்லாம் ஒரே நீளமானால் ரம்பப்பல்லாகத் தெரியும். திரும்பும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் பிளவும் விழாது. டேப்பஸ்ட்ரிக்குப் பேர்போன பிரெஞ்சு ஊரான ஔபுசோனில் நெய்தவற்றைத் தொங்கவிட்டால் செங்குத்தாக ஈட்டி ஈட்டியாகத் தெரிவது இதுதான்.

ஊடையை மூன்று புரியாகச் சேர்த்துத் தார் (ஊடை நூல் சுற்றும் குச்சி) சுற்றுங்கள். இரண்டு நிறத்தில் 3+0, 2+1, 1+2, 0+3 என்று நான்கு நிறப்படி கிடைக்கும். ஆரஞ்சு, பவளம், ரோஜா, ஊதா என நான்கே சாயம் இருந்தால், அடுத்தடுத்தவற்றை மட்டும் சேர்த்து 10 படி. ஆரஞ்சையும் ஊதாவையும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், மண்நிறமாகிவிடும்.

படிகளுக்கு எண் கொடுங்கள், வரைபடத்தில் நிறம் தீட்டாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள். 1930களின் இறுதியில் பிரெஞ்சு ஓவியர் ழான் லுர்ஸா ஔபுசோன் நெசவாளர்களுடன் வேலை செய்யத் தொடங்கியபோது கைக்கொண்ட வழி இது: பருமனான நூல், குறைந்த நிறங்கள், எண்ணிட்ட வரைபடம். தூரிகைத் தடத்தை நகலெடுக்கும் பாடு தறிக்கு இல்லாமல் போயிற்று. பல்லின் நீளத்தை நெசவாளரின் கண்ணுக்கே விட்டுவிடுங்கள், அது அவருடைய கோடு.

இயற்கைச் சாயம் என்றால் அவுரியும் (நீலம்) சாயவேரும் (சிவப்பு) நிற்கும். மஞ்சள்கிழங்குச் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், சுவரில் தொங்கும் துணிக்கு வேண்டவே வேண்டாம்.

பதில் 3

உருப்படிக் கூலி வேண்டாம். அதில் வேகம்தான் வருமானம், அவசரத்தில் பல் கோப்பதும் அளப்பதும் அடிபடும். நாள் கூலி பேசுங்கள். பாவு ஏற்றும் நாள், தார் சுற்றும் நாள், பிரித்து மறுபடி நெய்யும் நாள் எல்லாம் அதில் சேரும். நன்கு பழகிய ஔபுசோன் நெசவாளருக்கே 1 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பார்கள். உங்களுடையது 1.12 சதுர மீட்டர், முதல் முறை என்பதால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 12 × 12 அங்குல மாதிரி, அதற்குத் தனிக் கூலி. பனைத்தண்டின் ஓர் ஓரம், மூன்று நிறப்படி, ஓர் ஓலை நுனி மூன்றும் அதில் வரட்டும். மெல்போர்னில் 1976இல் தொடங்கிய டேப்பஸ்ட்ரி பட்டறையிலும் ஓவியரும் நெசவாளர்களும் மாதிரியை வைத்தே பேசி முடிவெடுக்கிறார்கள். மாதிரியின் எடையை 12ஆல் பெருக்கி, கால் பங்கு கூட்டினால் வேண்டிய நூல். ஒவ்வொரு நிறத்தையும் ஒரே சாயத்தொட்டியில் முடித்துவிடுங்கள், இரண்டாம் தொட்டியின் நிறம் முதலாவதோடு ஒத்துப்போகாது.

பெயர் விஷயத்தையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஔபுசோனில் 'போல்டூக்' என்றொரு துணிச்சீட்டைப் பின்னால் தைப்பார்கள்: தலைப்பு, ஓவியர், பட்டறை, அளவு, எத்தனையாவது பிரதி. பிரெஞ்சு வரிச் சட்டத்தில் எட்டுப் பிரதிகள் வரைதான் அசல் கலைப்படைப்பு. உங்கள் சீட்டில் நெசவாளர் பெயர், உங்கள் பெயருக்கு நிகரான எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்டவர்

51 × 34க்கே போகிறேன். பனைத்தண்டு ஓரத்தில் விழும் சிறு பிளவுகளை அப்படியே விடலாமா?

பதில் 1

விடாதீர்கள். நெய்ததைத் திருப்பித் தொங்கவிடும்போது பிளவுகள் கிடைமட்டமாகிவிடும், துணியின் எடையே அவற்றை வாய் பிளக்க வைக்கும். 1 செ.மீ.க்கு மேற்பட்டதைத் தறியில் இருக்கும்போதே, பாவு விறைப்பாக உள்ளபோது, பின்பக்கமிருந்து தைத்துவிடச் சொல்லுங்கள். அறுத்து இறக்கிய பிறகு தைத்தால் சுருங்கும்.