டிசம்பர் 26: நத்தார்க் குடிலுக்குப் பக்கத்தில் சுனாமி நினைவுப் பூசை, எப்படி ஒழுங்கு செய்வது?

கல்லடிக் கொயர்:
சுனாமி நினைவுப் பூசைக்குப் பாட்டும் மன்றாட்டும் ஆயத்தம் செய்யவேணும். முதல் நாள்தான் நத்தார். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் முன்வாங்கில் இருக்க, "உன்னதங்களிலே" என்ற மகிமைப் பாட்டைப் பாடுவது பொருந்துமா? ஊதா உடையோடு இறந்தோர் பூசையாகவே வைக்கலாமா? பாஸ்கா திரியையும் (உயிர்ப்பு விழாவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) ஏற்றச் சொல்கிறார்கள்.

மட்டு வழிபாடு:
இறந்தோர் பூசை அன்றைக்கு இல்லை. நத்தாரின் எட்டு நாளுக்குள் அடக்கப் பூசையும் முதலாம் ஆண்டுப் பூசையும் வைக்கலாம். பிந்திய ஆண்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அன்று புனித முடியப்பர் திருநாள்: சிவப்பு உடை, "உன்னதங்களிலே" கட்டாயம். இறந்தவர்களைப் பூசைக் கருத்தாக ஒப்புக்கொடுக்கலாம், மன்றாட்டிலும் நினைக்கலாம்.

ஆனால் அந்த நாளின் வாசகங்களை எடுத்துப் பாருங்கள். முதல் வாசகத்தில் அந்த முடியப்பரைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். பதிலுரைப் பாடல் திருப்பாடல் 31. "உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்" என்று இயேசு சிலுவையில் சொன்னது அதிலிருந்துதான். பெரிய வெள்ளியிலும் அதே திருப்பாடல்தான். பாலன் பிறந்த மறுநாளே திருச்சபை பெரிய வெள்ளிப் பாட்டைப் பாடுகிறது! ஆகவே பெரிய வெள்ளிக்குப் பழகிய மெட்டிலேயே, கீபோர்ட் இல்லாமல் பாடுங்கள். துக்கத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டத் தேவையில்லை.

பாஸ்கா திரி வேண்டாம். உயிர்ப்புக் காலம் முடிந்தால் அது ஞானஸ்நானத்துக்கும் அடக்கப் பூசைக்கும்தான். நினைவுத் திரிகளுக்குத் தனித் தட்டு வையுங்கள். குடிலைச் சீலையால் மூடாதீர்கள். விட்டு விட்டு மின்னும் லைட்டை மட்டும் நிறுத்துங்கள், நட்சத்திரம் எரியட்டும்.

2027இல் 26ஆம் திகதி ஞாயிறு, சுனாமி வந்த 2004ஐப் போலவே. அப்போது முடியப்பர் திருநாளுக்குப் பதிலாகத் திருக்குடும்பத் திருநாள் வரும். வெள்ளை உடை, வாசகங்களும் வேறு. இந்த ஒழுங்கை அப்படியே எடுத்து வைக்க முடியாது.

கல்முனை மெதடிஸ்ற்:
எங்கள் ஆராதனையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் இரண்டு சங்கீதங்களை (நீங்கள் சொல்லும் திருப்பாடல்கள்) குழப்பவேண்டாம். 13ஆவது "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்டு, ஆறே வசனத்தில் பாட்டாக முடியும். 88ஆவது இருளிலேயே நின்றுவிடும். 88ஐ வாசித்தால் உடனே ஆறுதல் பாட்டு எடுக்காதீர்கள், வாசித்ததே வீணாகும். மத்தேயு 2இல், கொல்லப்பட்ட பிள்ளைகளுக்காக அழுகிற தாய் ராகேலும் ஆறுதல்படவில்லை. நத்தார்க் கதைக்குள்ளேயே அவளுடைய அழுகை இருக்கிறது.

பெயர் வாசிப்பில்தான் அதிகம் பிழை விடுவது. ஒரு பெயருக்கு 5 செக்கன் விட்டால் 60 பெயருக்கு 5 நிமிடம். அகர வரிசையில் வாசித்தால் ஒரு வீட்டு ஆட்கள் சிதறிப்போவார்கள், வீடு வீடாக வாசியுங்கள். உச்சரிப்பை உறவினரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முடிந்ததும் ஒரு நிமிடம் முழு மௌனம். கீபோர்ட்காரருக்குப் பதினைந்து செக்கனிலேயே கை துருதுருக்கும், சுவிட்சை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

பாலமீன்மடு:
கடற்கரைக்கும் போவதென்றால் நேரம் பாருங்கள். நாடு முழுக்க 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் (எங்கட மட்டக்களப்புக் கரைக்கு அலை அதுக்கு முன்னமே வந்திட்டு, அது வேற கதை). பூசை 7.30க்குத் தொடங்கினால்தான் நடந்து போய்ச் சேரலாம். மாரிக் காற்றில் மெழுகுதிரி நிற்காது; சிமினி லாம்பு, இல்லாவிட்டால் ஜாம் போத்தலுக்குள் இரண்டு விரல் மண் போட்டுத் திரியை நடுங்கள். கடலில் உதிரிப் பூ மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் மாலை அடுத்த நாளே கரையில் கிடக்கும்.

கல்லடிக் கொயர்:
நன்றி. பெரிய வெள்ளி மெட்டு பிள்ளைகளுக்கு ஏற்கனவே பாடம். "உன்னதங்களிலே" பாட்டுக்கு ட்ரம் அடிக்கலாமா?

மட்டு வழிபாடு:
ட்ரம் வேண்டாம். வழமையான மெட்டு, வழமையான வேகம். அழுகிற மாதிரி இழுத்துப் பாடவும் வேண்டாம்.