புதுப்பிப்பு: எலும்புப் புற்றுநோய் வந்த எங்கள் 12 வயது லாப்ரடார்

முன்னங்காலை எடுப்பதா, வலி மாத்திரையோடு விட்டுவிடுவதா, எப்போது போகவிடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நுரையீரலுக்கும் பரவியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்ததால் காலை எடுக்கவில்லை. கைகொடுத்தது அலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த மார்க் முறைதான்: வலி, சாப்பாடு, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் தலா 10 மார்க், மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். மூன்று வாரம் 45-ஐ ஒட்டியே இருந்தவள் அப்புறம் 28-க்கு இறங்கி, தயிர்சாதத்தைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கே டாக்டரை வீட்டுக்கு வரச்சொன்னோம். முதலில் மயக்க ஊசி, என் மடியில் நன்றாகத் தூங்கிய பிறகுதான் உயிரைப் போகவிடும் ஊசி.

நான் எதிர்பார்க்காதது, கண் மூடவில்லை, உயிர் போன பிறகும் இரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல் உடம்பு அசைந்தது. அது வெறும் தசை அசைவு, வலி இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை துடித்துப்போனேன்.