புதுப்பிப்பு: பின் டிஃபரன்ஷியல் ஊளைச் சத்தம் நின்றது

வண்டியின் பின் டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) 4.56 விகித கியர் செட் மாட்டியதிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, காரணம் கிடைத்துவிட்டது. கவரைக் கழற்றி, கிரவுன் வீல் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) பற்களில், பற்கள் எங்கே உரசுகின்றன என்று காட்டும் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் நடுவில் இல்லை, அடியோரமாக ஒதுங்கியிருந்தது. அதாவது அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. பழைய ஷிம்மையே (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையம்) புதுப் பினியனுக்கும் போட்டதுதான் தப்பு. பேக்லாஷ், அதாவது இரண்டு சக்கரப் பற்களுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டம், 0.20 மி.மீ. என்று சரியாகக் காட்டியதால் நம்பிவிட்டேன். அது சரியாக இருந்தாலும் பினியன் ஆழம் தப்பாக இருக்கலாம், தயவுசெய்து தடத்தைப் பார்க்காமல் மூடாதீர்கள்.

பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவில் உட்காரும் ஷிம்மை 0.10 மி.மீ. குறைத்தேன். உடனே பேக்லாஷ் கூடிவிட்டது, கிரவுன் வீலின் பக்கவாட்டு ஷிம்களை மாற்றி மறுபடி 0.20க்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது முயற்சியில் தடம் நடுவில் விழுந்தது, அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் புது கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கி உட்காரும் குழல்) போட்டேன், ஏனென்றால் ஒருமுறை நசுங்கியதை வைத்து ப்ரீலோடை, அதாவது பேரிங்குகளின் இறுக்கத்தை, நம்ப முடியாது.

புது ஆயில் ஊற்றி, மெதுவாக 25 கி.மீ. ஓட்டி நன்றாக ஆறவிட்டேன். சத்தம் இல்லை. 800 கி.மீ. ஆனதும் ஆயிலை மாற்றி, ஆயிலில் வரும் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சொல்கிறேன்.