‘ஹார்வெஸ்ட்’ என்பது அறுவடையா, பருவமா?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்பதை ‘அறுவடை நிலா’ என்று விளக்கியபோது, மீஞ்சூரில் தாத்தாவுக்கு நிலம் உள்ள மாணவி ஒருத்தி, “பொங்கலை ஒட்டித்தானே மிஸ் அறுப்பு, இந்த நிலா ஏன் செப்டம்பரில் வருகிறது?” என்று கேட்டாள். அகராதியைப் புரட்டினால், ‘ஹார்வெஸ்ட்’ ஒரு காலத்தில் பருவத்தின் பெயராகவே இருந்தது என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அதே பருவத்தைக் குறிக்கும் ‘ஆட்டம்’ (autumn), ‘ஃபால்’ (fall) ஆகிய சொற்களுக்கும் இதற்கும் என்ன உறவு?

பெரம்பூர் வாசகர்:
அம்மா, அகராதி சொல்வது சரியே. பழைய ஆங்கிலத்தில் ‘ஹேர்ஃபெஸ்ட்’ என்பது கோடைக்கும் குளிருக்கும் இடைப்பட்ட பருவத்தின் பெயர். அதன் உடன்பிறப்பான ஜெர்மன் சொல் ‘ஹெர்ப்ஸ்ட்’, டச்சுச் சொல் ‘ஹெர்ஃப்ஸ்ட்’ ஆகிய இரண்டும் இன்றும் பருவத்தையே குறிக்கின்றன. பறித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் ‘கார்பெரே’, கனி என்னும் பொருளுடைய கிரேக்க ‘கார்போஸ்’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. பறிக்கும் வேலையே பருவத்துக்குப் பெயரானது என்பதை இதிலிருந்து உணரலாம். 14ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ‘ஆட்டம்’ ஆங்கிலத்துக்குள் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ‘இலை விழும் காலம்’ என்ற தொடர் வழங்கி, பின்னர் ‘ஃபால்’ என்று சுருங்கியது. இவ்விரண்டும் பருவப் பெயராக நிலைத்த பிறகு, ‘ஹார்வெஸ்ட்’ அறுக்கும் வேலைக்கும் விளைச்சலுக்கும் உரிய சொல்லாக ஒதுங்கிக்கொண்டது. ‘ஃபால்’ அமெரிக்காவில் தங்கிவிட்டது. பிரிட்டனில் ‘ஆட்டம்’ வென்றது. நீங்கள் கேட்ட நிலா, பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும், செப்டம்பர் 22 அல்லது 23இல் வரும் சம இரவு நாளை ஒட்டிய முழுநிலா. பிரிட்டன் போன்ற நாடுகளில் கதிர் அறுக்கும் காலமும் அதுவே.

பழைய வண்ணாரப்பேட்டை:
நம் சங்க நூல்களில் வரும் கூதிர்ப் பருவம்தான் ‘ஆட்டம்’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எளிதாக விளங்குமே.

திருவொற்றியூர்க்காரர்:
ஐயா, அதை ஏற்க இயலவில்லை. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை வலுத்து, வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் தேங்கும் மாதங்கள். மழையில் மரங்கள் தழைத்து நிற்கும் அந்தக் காலத்துக்கும் இலை உதிர்வதற்கும் தொடர்பில்லை. எங்கள் தெரு வேப்பமரம் மாசியில் இலை கொட்டி, பங்குனியில் துளிர்த்துப் பூக்கிறது. ‘இலையுதிர்காலம்’ என்ற மொழிபெயர்ப்பு ‘ஃபால்’ என்பதற்கு மட்டுமே பொருத்தமாக அமைகிறது. ‘ஹார்வெஸ்ட்’ பருவமாக வரும் பழைய வரிகளில் ‘அறுப்புக்காலம்’ என்பதே நேர்ப்பொருள் என்பது என் கருத்து. நம்மிடமும் இதற்கு ஒப்பான வழக்கு உண்டு, ஆனால் திசைதான் வேறு: ஆங்கிலத்தில் வேலையின் பெயர் பருவத்துக்கு ஏறியது, தமிழில் ‘கார்’ என்னும் பருவப் பெயர் நெல்லுக்கு ஏறிக் ‘கார் நெல்’ ஆயிற்று. மேலும், அந்த மாணவி சொன்னது பொங்கலை ஒட்டி அறுக்கும் சம்பா நெல்லுக்குத்தான் பொருந்தும். திருவள்ளூர்ப் பக்கம் சித்திரை வாக்கில் தொடங்கும் சொர்ணவாரி என்னும் நெல் பட்டத்தை (பயிர்ப் பருவத்தை) ஆவணியை ஒட்டி அறுக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
மிக்க நன்றி. ‘அறுப்புக்காலம்’ என்றே நாளை எழுதிப்போடுகிறேன். தாத்தா எந்தப் பட்டத்தில் எந்த நெல்லை விதைக்கிறார், எப்போது அறுக்கிறார் என்று கேட்டு வருமாறு அவளிடம் சொல்லியிருக்கிறேன்.